நடுக்கூடத்தில் ஒரு கருவாடு

எங்கள் பெரியப்பா வீட்டில் வெங்காயத்துக்கே விசாரணை உண்டு. மீன்காரர் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், தூத்துக்குடியில், இப்படி ஒரு குடும்பம் நடத்தத் தனித் திறமை வேண்டும்.

அந்த வீட்டு நடுக்கூடத்தில்தான் சந்தன மாலையோடு தாத்தா படம். ஊரில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961இல் எடுத்தது. அதில் பூசணம் பிடித்துவிட்டது. கன்னத்தில் கிளம்பி மீசை வரைக்கும் வந்தாயிற்று.

“உப்புக்காத்துலே” என்றார் பெரியப்பா.

“காத்து ஈரத்தத்தான் கொண்டுவரும் பெரியப்பா. பூசணத்துக்குச் சாப்பாடு படத்துக்குள்ளயே இருக்கு.”

“என்ன சாப்பாடு?”

“ஜெலட்டின். மாட்டு எலும்பு, தோல் எல்லாம் வேகவச்சு எடுக்கது.”

பெரியம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

ஃபிலிம் ஆனாலும் சரி, பிரிண்ட் போடும் தாள் ஆனாலும் சரி, சமையல் ஒன்றுதான். வெளிச்சம் பட்டால் மாறுகிற வெள்ளி உப்பை ஜெலட்டினில் குழைத்து, மெல்லிசாகப் பூசி, காயவைக்க வேண்டும். அந்த வெள்ளியோடு சேருகிற புரோமின், நம் உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரிலும் இருக்கிறது. உப்பு, எலும்புச் சாறு, காயவைத்தல். செய்முறைப்படி பார்த்தால் கருவாடு.

இதில் கடுகு வேறு. ஒரு ஜெலட்டினில் படம் பளிச்சென்று விழுகிறது, இன்னொன்றில் மங்குகிறது, ஏன் என்று கோடாக் கம்பெனி தலையைப் பிய்த்துக்கொண்டது. 1920களில் அங்கிருந்த ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி துருவிக் கண்டுபிடித்தார்: மாடு மேய்ந்த கடுகுச் செடியின் கந்தகம் ஜெலட்டினுக்குள் வந்து, ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டுகிறது. உலக சினிமாவுக்கே தாளித்துக் கொடுத்தது ஒரு மாடு!

பெரியப்பா விடுவதாக இல்லை. “அது வெள்ளக்காரன் சமாச்சாரம். நம்ம ஊட்டி இந்து ஃபிலிமு அப்படி இருக்காதுலே. கவர்மெண்டு செஞ்சதுல்லா!”

ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கே தயாராயின. அரசாங்க முத்திரை இருந்தாலும் எலும்பு எலும்புதானே.

“இப்ப அப்பாவ எறக்கணுங்கியா?”

“வேண்டாம். போன்ல ஒரு படம் எடுத்துக்கிடுவோம். அதுல ஜெலட்டினே கிடையாது. சென்சார் சிலிக்கான், மணல்லேருந்து வருது.”

மணல் என்றதும் அவர் முகம் தெளிந்தது. முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததும் அதே கோடாக்தான் என்பதை அவர் ரசிக்கவில்லை. 1975இல் ஸ்டீவ் சாசன் என்ற இன்ஜினியர் செய்தார். ஒரு படம் கேசட்டில் பதிய 23 வினாடி. ஃபிலிம் விற்பவனுக்கு அது எதற்கு என்று உள்ளே வைத்துவிட்டார்கள். 2012இல் கம்பெனி திவால் மனு போட்டது.

“ஃபூஜி ஃபிலிம்காரனும் போயிட்டானா?”

“அவன் பொழச்சுக்கிட்டான். ஜெலட்டினுக்கு மூலப்பொருள் கொலாஜன். அதுல இத்தன வருசம் உழைச்ச அனுபவத்த வச்சு மொகத்துக்குக் கிரீம் விக்கான். சுருக்கம் விழாதாம்.”

“சிவ சிவா” என்று பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்த பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: “அது நம்மூர்ல கெடைக்குமாலே?”