மேஜை மேல் தெற்கு ரயில்வே

பனியன் கம்பெனி நடத்தும் என் கணவர், 1951-இல் மூன்று ரயில்வேக்கள் ஒன்றானதை மொட்டை மாடி அறையில் மாதிரி ரயிலாக ஓட்டப் போகிறாராம். இந்த வயதில் பொம்மை ரயிலா?
*— ஒரு வாசகி, திருப்பூர்*

நூல் விலை தம்மைக் கேளாமல் ஏறி இறங்குவதை நாளெல்லாம் பார்த்துக் களைத்த மனிதர், தாம் சொன்னபோது புறப்பட்டுத் தாம் சொன்னபோது நிற்கும் ஒரு வஸ்துவை இரவிலாவது காண ஆசைப்படுவது அபராதமா, அம்மணி? ஆனால் ஒன்று சொல்லிவையுங்கள்: சென்னை–தென் மராட்டா, தென்னிந்திய, மைசூர் ரயில்வேக்கள் அவ்வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி தெற்கு ரயில்வே என்ற ஏக நாமத்தை ஏற்றனவே தவிர, அகலப் பாதையும் மீட்டர் பாதையும் அதன் பொருட்டுத் தம் சுபாவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு இரண்டு பாதை வேண்டும், செலவும் இரண்டு.

87-இல் ஒரு பங்கு அளவு மாதிரிக்குக் கடைத் தண்டவாளம் போதாதா?
*— ஒரு வாசகர், அவிநாசி*

கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர், அயல்நாட்டு 1,435 மில்லிமீட்டர் பாதையின் பிரதிபிம்பம். நம் 1,676-க்கு 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே வேண்டும். கேஜ் மாறினால் துணி என்னவாகும் என்று அறிந்த சீமைக்கு இதை நான் விளக்குவதாவது!

மாதிரித் திருப்பூர் ஸ்டேஷனில் எந்தக் கம்பெனியின் பெயர்?
*— ஒரு வாசகர், ஊத்துக்குளி*

எந்த வருஷத்து ஸ்டேஷன்? முதலில் மதராஸ் ரயில்வே. 1908-இல் அது தென் மராட்டாவோடு சங்கமமானபோது, ஜோலார்பேட்டை முதல் மங்களூர் வரையிலான பாதை தென்னிந்திய ரயில்வேக்குப் போயிற்று. 1951-இல் தெற்கு ரயில்வே. பலகை மூன்றாக எழுதட்டும்.