ஆள் ஒளியலாம், கதவு ஒளியுமா?

கேள்வி: லேத் பட்டறைக்காரரிடம் கடன் வாங்கியவர், அமீனா சம்மனோடு போகும்போதெல்லாம் வீட்டில் இல்லை. வழக்கு அப்படியே நின்றுவிடுமா? (வாசகர், படப்பை)

பதில்: நிற்காது. ஆள் ஒளியலாம், வீட்டுக் கதவு எங்கே ஓடும்?

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளைப்படி, உடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தார் சம்மனை வாங்கலாம். யாரும் இல்லையென்றால் அமீனா கதவில் ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் பெயரோடு நீதிமன்றத்துக்கு எழுதுவார். வேண்டுமென்றே தலைமறைவு என்று நீதிபதிக்குத் தெரிந்தால், அந்தப் பகுதி நாளிதழில் விளம்பரம். அது நேரில் கொடுத்ததற்குச் சமம். பிறகும் வராதவர்மேல் ஒருதலைத் தீர்ப்பு வரலாம்.

காசோலை திரும்பிய வழக்கா? சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினால் போதும் என 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. நோட்டீஸ் வரவில்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டலாம்.

ஒரகடம் பக்கம் வாடகை வீடு மாறுவோர் அதிகம். பட்டறைக்காரர் இன்றைய முகவரியை முதலில் உறுதிசெய்யட்டும்.