மனோரஞ்சிதமும் மாமனாரும்

எங்கள் கொல்லையில் சூரியனுக்கு அனுமதி கிடையாது. பக்கத்து வீட்டு மாமரமும் மாடிச் சுவரும் கூட்டுச் சேர்ந்து அவரைத் தடுத்துவிட்டன. அங்கே ரோஜா சோகை பிடித்து நிற்கும். மல்லிகை இலை விடுவதோடு கடமையை முடித்துக்கொள்ளும். இந்த இருட்டுக்கு ஏற்ற ஒரே பிரஜை மனோரஞ்சிதம். தென்னிந்திய, இலங்கைக் காடுகளில் பெரிய மரங்களை அண்டியே வளர்ந்த செடிக்கு நிழல் பழகிய விஷயம். சீத்தாப்பழக் குடும்பம். பூக்காம்பே கொக்கியாக வளைந்திருக்கும். அதை மாட்டித்தான் மேலே ஏறும். கொடியில் காயும் என் பனியனையும் விட்டுவைப்பதில்லை.

பூ பச்சையாக, இலைக்குள் இலையாகத் தொங்கும். ஆறு இதழும் தடித்து மஞ்சளானால்தான் மணம் வரும். அப்போது வாசல்வரை வாசனை வரும்; பூ மட்டும் கண்ணில் படாது. வீட்டுக்கு வரும் கண்ணியமான மனிதர்கள்கூடப் புதருக்குள் தலையை விட்டு, முதுகை மட்டும் நமக்குக் காட்டியபடி நிற்பார்கள்.

எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்தப் பழ வாசனை வரும் என்பது ஐதீகம். பழக்கடை அண்ணாச்சிக்கு நேந்திரம் மணத்தது, தொழில் பக்தி. என் மகள் முகர்ந்துவிட்டு, "நெயில் பாலிஷ்ப்பா" என்றாள். வேதியியல் அவள் பக்கம்தான். பழ வாசனைக்கும் நகப்பூச்சு நெடிக்கும் காரணம் எஸ்டர் என்ற ஒரே வகைச் சேர்மங்கள்.

"பாம்பு வரும், வெட்டிப் போட்டுடுங்கோ" என்றார் அடுத்த வீட்டு மாமி. பாம்புக்குப் பூவை முகர்ந்து சொக்கும் ரசனையெல்லாம் இல்லை. அடர்ந்த புதரில் எலியும் தவளையும் இருந்தால் வரும். இதுவரை பாம்பு வரவில்லை. மாமி தினமும் வந்து, மஞ்சளான பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போகிறார்.

உண்மையில் இந்த மணம் நமக்கான அழைப்பே அல்ல. பழம் என்று நம்பி வரும் சிறு வண்டுகளுக்கு விரித்த வலை. அதில் விழுந்தவர் என் மாமனார்.

அவருக்குச் சர்க்கரை. "பழம் பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "திங்கத்தானே கூடாதுன்னார்? மோந்தா என்ன மாப்பிள்ளை?" என்று சாயங்காலமானால் புதரடியில் நாற்காலி போட்டு, கண்ணை மூடிப் பலாப்பழத்தை நினைத்துக்கொள்கிறார். அதுவரை சரிதான். நேற்று உள்ளே குரல் கொடுத்தார்:

"பலா அருமையா இருக்கு மாப்பிள்ளை. தொட்டுக்கக் கொஞ்சம் தேன் இருக்கா?"