அம்மா வீடு, அடுத்த வீடு

ஷேக்ஸ்பியருக்கு ஓர் அம்மா இருந்தார். பெயர் மேரி ஆர்டன். அவருக்கு ஒரு பிறந்த வீடும் இருந்தது. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இருநூறு வருஷமாகப் பக்கத்து வீட்டைக் காட்டி அனுப்பினார்கள் என்பதுதான் விஷயம்!

ஊர் வில்ம்கோட். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து மூன்று மைல் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வட்டாரத்தில் ஜான் ஜோர்டன் என்றொருவர் இருந்தார். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர், ஓய்வு நேரத்தில் கவிஞர், மற்ற எல்லா நேரமும் ஷேக்ஸ்பியர் கதை சப்ளையர். வருகிறவர்களுக்கு என்ன வேண்டுமோ அது அவரிடம் ஸ்டாக்கில் இருக்கும். 'அம்மா பிறந்த வீடு எது?' என்று கேட்டார்கள். இதோ என்று ஒரு பண்ணை வீட்டைக் கைகாட்டினார். ஆதாரம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வீடு அவ்வளவு லட்சணம்!

லட்சணம் என்றால் சும்மா இல்லை. ஓக் மரச் சட்டங்களைச் செங்குத்தாக, நெருக்கி நெருக்கி நட்ட முகப்பு. சுவர் நிற்க அத்தனை மரம் தேவையே கிடையாது. பாதி போதும். மிச்சப் பாதி, தெருவில் போகிறவனுக்காக. 'பார்த்தாயா, நான் எவ்வளவு ஓக் வாங்கியிருக்கிறேன்!' என்று வீடே கத்த வேண்டும். பணத்தைப் பெட்டியில் வைத்தால் யாருக்குத் தெரியும்? சுவரில் வைத்தால் ஊருக்கே தெரியும்.

இந்த வீடுகளைக் கட்டிய விதம் இன்னும் வேடிக்கை. தச்சர் தன் பட்டறையிலேயே மரங்களை அறுத்து, தரையில் பரப்பி, ஒன்றின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ரோமன் எண்ணைச் செதுக்கி, எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய் மறுபடி மாட்டுவார். 16ஆம் நூற்றாண்டு ஐகியா! ஒரே வித்தியாசம், கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சி நம்மை முறைக்காது. ஸ்க்ரூவே கிடையாது, எல்லாம் மர முளை.

காய்ந்த ஓக்கை உளியால் தொட்டால் உளிதான் அழும். அதனால் பச்சையாகவே வெட்டி வேலையை முடித்தார்கள். வீடு கட்டிக் குடிபோன பிறகு மரம் சாவகாசமாகக் காய்ந்தது, முறுக்கிக்கொண்டது, வளைந்தது. இன்று டூரிஸ்ட்டுகள் 'ஆகா, அந்தக் காலத்துக் கலைஞர்கள் கோணலிலும் என்ன அழகு!' என்று உருகுவது அதைப் பார்த்துத்தான். கலைஞர் நேராகத்தான் வைத்துவிட்டுப் போனார்.

சட்டங்களுக்கு நடுவே குச்சிப் படல். படலின் மேல் களிமண், வைக்கோல், சாணி. சாணியின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் காலண்டரில் பார்க்கும் 'கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர்' அலங்காரம் பெரும்பாலும் பிற்காலத்து வேலை. பல வீடுகளில் ஓக்கை இயல்பாக வெளிறிச் சாம்பல் நிறமாக விட்டார்கள், அல்லது சுவர், சட்டம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பை அடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு ரசிகர்களுக்கு அது போதுமான அளவு பழசாகத் தெரியவில்லை. தாரையும் கறுப்புப் பெயின்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பி, பழசை இன்னும் பழசாக்கினார்கள்.

சரி, அசல் வீட்டுக்கு வருவோம். அப்பா ராபர்ட் ஆர்டன் வசதியான விவசாயி. எட்டுப் பெண்கள், கடைக்குட்டி மேரி. இரண்டாவது மனைவி ஆக்னஸ் வேறு தன் பிள்ளைகளோடு வந்து சேர்ந்திருந்தார். வீடு எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்பதற்கு 1556இல் ராபர்ட் எழுதிய உயிலே சாட்சி. மகள் ஆலிஸை நிம்மதியாகப் பாதி நிலத்தை அனுபவிக்கவிட்டால்தான் மனைவிக்கு முழுப் பங்கு என்று கண்டிஷன் போட்டிருக்கிறார். மனுஷன் சாகும்போதும் பஞ்சாயத்து! அவர் போன பிறகு எடுத்த சாமான் பட்டியலில் சித்திரத் திரைகள் மட்டும் 11. பிரபுக்கள் சுவரில் நெய்த திரை தொங்கும், விவசாயி வீட்டில் அதே மாதிரி வரைந்த துணி. டூப்ளிகேட்தான், ஆனால் எண்ணிக்கையில் குறை வைக்கவில்லை.

குடும்பத்துக்கே இந்த ஆசை உண்டு போல. மேரியின் கணவர் ஜான் ஷேக்ஸ்பியர், ராபர்ட்டின் குத்தகைக்காரர் மகன். 1599இல் தங்கள் குலச் சின்னத்தோடு ஆர்டன் சின்னத்தையும் சேர்த்துக்கொள்ள ஷேக்ஸ்பியர் குடும்பம் மனுப் போட்டது. எந்த ஆர்டன்? பார்க் ஹால் என்ற மாளிகையில் வாழ்ந்த பிரபு வம்சத்து ஆர்டன்! அதிகாரி வரைந்தார், யோசித்தார், அடித்துவிட்டு வேறு ஆர்டன் சின்னத்தை வரைந்தார். அடித்த காகிதம் பத்திரமாக இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை 1930இல் ஜோர்டன் காட்டிய அழகான வீட்டை விலைக்கு வாங்கியது. ஜனங்கள் வந்தார்கள், மேரி நடந்த தரையில் நடந்து சிலிர்த்தார்கள். 1968இல் பக்கத்திலிருந்த கிளீப் ஃபார்ம் என்ற வீட்டையும் அதே அறக்கட்டளை வாங்கிப்போட்டது. பார்க்க ஒன்றுமில்லாத வீடு. பின்னாளில் வந்தவர்கள், மரச் சட்டம் பட்டிக்காட்டுத்தனம், செங்கல்தான் நாகரிகம் என்று முகப்பை மூடிவிட்டிருந்தார்கள். மரத்தைக் காட்டிப் பெருமையடித்த காலம் போய், மரத்தை மறைத்துப் பெருமையடிக்கும் காலம் வந்திருந்தது!

2000இல் பழைய நில ஆவணங்களைத் துருவிய ஆய்வாளர் நாட் ஆல்காக் குண்டைப் போட்டார். அழகான வீடு ஆடம் பால்மர் என்பவருடையது. மேரியின் வீடு, அந்தச் செங்கல் முகமூடி போட்ட கிளீப் ஃபார்ம். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அதன் ஓக் 1514 வாக்கில் வெட்டியது என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக உலகம் தேடி வந்த வீடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறது, அதுவும் அறக்கட்டளையின் சொந்தச் சொத்தாக 32 வருஷம்! இப்படி ஒரு தவறைச் செய்துவிட்டுப் பைசா செலவில்லாமல் தப்பித்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா? போர்டை மட்டும் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது.

எனக்குப் பாவமாக இருப்பது பால்மரைப் பார்த்தால்தான். ராபர்ட் ஆர்டனின் உயில் ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று மேற்பார்வை பார்க்க நியமிக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரரின் சொத்து சரியான கைக்குப் போகவேண்டும் என்று கவனித்துக்கொண்ட மனிதர். அவருடைய வீடுதான் பக்கத்து வீட்டுப் பெண் பெயருக்குப் போயிற்று.

வில்ம்கோட் பக்கம் போனால் அந்த நெருக்கமான ஓக் முகப்பின் முன்னால் தாராளமாக செல்ஃபி எடுங்கள். கேப்ஷனில் மட்டும் பால்மர் பெயரைப் போட்டுவிடுங்கள். இருநூறு வருஷ பாக்கி.