கணக்குப்பிள்ளையும் கணினியும்

கேள்வி: பேரேடுகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொல்கிறது நிர்வாகம். மூத்தவர்கள் முரண்டு பிடிக்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், வானூர்

பதில்: இப்படியொரு மாற்றம் முன்பும் வந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. முழுநேர கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். உங்கள் வானூர்க் கிராமங்களும் இதைப் பார்த்தவைதான். அவசியமான மாற்றம். ஆனால் பழையவர்களிடமிருந்து அடங்கலையும் சிட்டாவையும் கைப்பற்றலாம். எந்த வரப்பில் என்ன தகராறு என்ற ஞாபகத்தை எந்தத் தாசில்தார் ஜப்தி செய்வார்? சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1982இல் சட்டம் நிலைத்தது; தகுதியுள்ள பழையவர்களைப் பரிசீலிக்க அரசும் ஒப்புக்கொண்டது. நீங்கள் அதை முதல் நாளே செய்துவிடுங்கள். மூத்தவர் பேரேட்டைப் படித்து விளக்கட்டும், இளையவர் தட்டட்டும். பதிவைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அதிகாரம் மூத்தவருக்கே இருக்கட்டும்.