அப்பனைப் பாத்துப் பொறக்கணும்லே!

சீரியல்லயும் நடிக்கணும், பாட்டு ஆல்பமும் போடணும், ரெண்டும் ஒண்ணா நடக்கணும்னு சொல்லுதியே, அதுக்கு மொதச் சோலி கிடார் வாங்குதது இல்லலே பேராண்டி. அப்பனைப் பாத்துப் பொறக்கணும். அதுல நீ ஏற்கெனவே பிந்திட்ட. உங்கப்பன் உரக்கடையில கணக்கு எழுதுதான். ரிக்கி நெல்சனோட அப்பன் என்ன பண்ணினாரு தெரியுமா?

அது யாருன்னு முழிக்காத. நான் சின்னப்பயலா மாஞ்சோலை எஸ்டேட்டு பங்களாவுல எடுபிடியா நிக்கும்போது, துரை வீட்டுப் பாட்டுப்பெட்டியில இவன் பாட்டு ஓடும். ரெக்கார்டைத் தொடைச்சு உறையில போடுதது என் வேலை. ஒரு எழவும் புரியாது. ஆனா பயலுக்குத் தொண்டையக் கிழிக்காமப் பாட வருதுன்னு மட்டும் வெளங்குச்சு. மிச்சக் கதைய உங்க அக்காக்காரி போன்ல வாசிச்சுக் காட்டினா. அவளாவது அந்த சவத்துப் போனை உருப்படியாப் பிடிக்கா.

பய அமெரிக்காக்காரன். 1940-ல பொறந்தவன். அப்பன் ஆஸி நெல்சன் பேண்டு செட்டு வச்சு நடத்தினவரு. அம்மை ஹாரியட் அதே செட்டுல பாடினவ. 1944-ல புருஷனும் பொண்டாட்டியும் தங்க குடும்பத்தையே கதையாக்கி ரேடியோவுல ஆரம்பிச்சாங்க. மக்கமாரு ரெண்டு பேரு குரலுக்கு மட்டும் வேற பயலுவள வச்சு ஓட்டினாங்க. 1949-ல சொந்தப் பயலுவளே மைக்குக்கு முன்னால வந்து நின்னுட்டானுவ. இளையவன் ரிக்கிக்கு அப்போ எட்டு வயசு. நீ எட்டு வயசுல என்ன பண்ணிக்கிட்டிருந்தன்னு சபையில வச்சுச் சொல்லவா, வேண்டாமா?

1952-ல அதே குடும்பம் டிவிக்குப் போச்சு. 'ஆஸி அண்ட் ஹாரியட்'னு சொன்னாப் போதும், அங்க பெரியாளுகளுக்கெல்லாம் தெரியும். 1966 வரைக்கும் 14 வருஷம், 435 எபிசோடு. நம்மூரு சீரியல்ல மாமியாக்காரி ஒருத்தி விஷத்தைக் கலக்கிப் பாலை நீட்டுததுக்கே அத்தனை எபிசோடு ஆவும்னு சொல்லுவ. இது வாரத்துக்கு ஒண்ணுலே. ஹாலிவுட்டுல இவங்க குடியிருந்த நெசமான வீட்டைத்தான் வெளிவாசலாக் காட்டினாங்க. அப்பன் அப்பனாவே வருவாரு, அம்மை அம்மையாவே வருவா. பொறவு பயலுவளுக்குக் கல்யாணம் ஆனதும் வந்த மருமகளையும் விடல, அவளுவளையும் கூட்டியாந்து கேமரா முன்னால நிறுத்தியாச்சு.

இதுல ஒரு வேடிக்கை. கதையில அந்தத் தகப்பன் என்ன வேலைக்குப் போறாருன்னு கடைசி வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. எந்நேரமும் சட்டை கசங்காம வீட்டுல உலாத்துவாரு. நெசத்துல எழுதினது, இயக்கினது, தயாரிச்சது எல்லாம் அந்த மனுசன்தான். வேலையில்லாதவனா நடிச்சே அம்புட்டு வேலை பாத்திருக்காரு. உங்கப்பனுக்கும் சொல்லிப் பாரேன். அவன் வேலை பாக்குத மாதிரி நடிச்சுல்லா இத்தனை வருஷத்த ஓட்டியிருக்கான்.

சரி, பாட்டுக்கு வருவோம். பயலுக்குப் பதினாறு வயசு. பழகின பிள்ளை ஒருத்தி எல்விஸ், எல்விஸ்னு உருகியிருக்கா. இவனுக்குப் பொறுக்கல. நானும் ரெக்கார்டு போடப் போறேன்னு வாயை விட்டுட்டானாம். கலை, தாகம், தேடல்னு நீ பேசுதியே, அதெல்லாம் பேட்டியில சொல்லுததுக்கு. ஆரம்பம் எங்கயும் இதுதான். நீயும் ஒரு பிள்ளைக்காகத்தான் கிடாரைத் தூக்கினங்கது ஊருக்கே தெரியும். வித்தியாசம் என்னன்னா, வாயை விட்ட மறுநிமிஷம் அவனுக்குத் துணைக்கு அப்பனோட டிவி நின்னுது. 1957 ஏப்ரல்ல ஒரு எபிசோடு. அதுல ஃபேட்ஸ் டோமினோ பாடின 'ஐயாம் வாக்கின்' பாட்டை இவன் பாடினான். நாடே பாத்துது, ரெக்கார்டு பட்டியல்ல ஏறிட்டு. அதுலருந்து எபிசோடு முடியும்போது இவன் பாட்டு ஒண்ணு இருக்கும். பாட்டைப் பெத்த டோமினோ நியூ ஆர்லியன்ஸ்காரரு, கறுப்பு மனுசரு. வாராவாரம் வீட்டு நடுவுல வந்து உக்காந்து பாட அவருக்கு எவன் டிவியக் குடுத்தான்? இதையும் சேத்து நெனச்சுப் பாத்துக்கோ.

ஆனா ஒரு சங்கதியில பயல மெச்சணும். தன்னைவிட நல்லா வாசிக்கவனைப் பக்கத்துலயே நிறுத்திக்கிட்டான். லூசியானாவுலருந்து வந்த ஜேம்ஸ் பர்ட்டன்னு ஒரு பொடியன். அவன் கிடாரைத் தட்டினா ரிக்கி பாட்டுக்கே உசுரு வரும். 1969-லருந்து எல்விஸுக்கே பக்கத்துல நின்னு வாசிச்சவன் அவன்தான். நீ சேத்து வச்சிருக்கியே ஒரு பயல, அந்தப் பெட்டி தட்டுதவன், உன்னைவிட மோசமா வாசிக்கான்னு பாத்துத்தான சேத்த? நெசத்தைச் சொல்லு.

1958 ஆகஸ்டு 4. அமெரிக்காவுல பில்போர்டுங்க பத்திரிகை 'ஹாட் 100'னு புதுசா ஒரு பட்டியல் போட ஆரம்பிச்சுது. அந்த மொதப் பட்டியல்ல மொத எடம் இவன் பாடின 'புவர் லிட்டில் ஃபூல்'. வயசு பதினெட்டு. மறுவருஷம் ஜான் வெய்னோட 'ரியோ பிராவோ' படத்துல துப்பாக்கி தூக்கினான். 1961-ல 'டிராவலின் மேன்' பாடும்போது, ஊரு ஊராப் போன காட்சியவெல்லாம் பாட்டு மேல ஒட்டி டிவியில விட்டாரு அப்பன். இப்ப நீ ரீல்ஸுல பண்ணுத கூத்தை அந்த மனுசன் அப்பவே பண்ணிட்டாரு. இருபத்தொண்ணு ஆனதும் பய, என்னை இனிமே ரிக்கின்னு கூப்பிடாதீங்க, ரிக்குன்னு கூப்பிடுங்கன்னான். ஊரு கேக்குமா? பன்னெண்டு வயசுலருந்து வீட்டுக்குள்ள பாத்து வளத்த பிள்ளை. அவனுக்கு மீசை முளைச்சதயே அவங்க மன்னிக்கல.

1964-ல பீட்டில்ஸ்காரனுவ வந்து எறங்கினானுவ, பழைய பாட்டுக்காரனுவ பாதிப் பேரு காத்துல போயிட்டானுவ. 1966-ல குடும்பக் கதையும் முடிஞ்சுது. சும்மா இருந்தானா? ஸ்டோன் கேன்யன்னு புதுசா ஒரு செட்டுச் சேத்து, கிராமத்துப் பாணியில தனக்குப் பிடிச்ச பாட்டைத் தானே எழுதிப் பாட ஆரம்பிச்சான். எனக்கு இந்தக் கதையிலயே பிடிச்ச எடம் இதுதான்.

1971 அக்டோபர்ல நியூயார்க்கு மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பழைய ஆளுகளக் கூட்டிவச்சுக் கச்சேரி. சக் பெர்ரி, போ டிட்லி எல்லாரும் இருக்காங்க. இவன் தோள் வரைக்கும் முடியும் தொளதொளன்னு கால்சட்டையுமா வந்தான். பழைய பாட்டைப் பாடினப்போ கூட்டம் குளுந்துது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒண்ணை எடுத்தான் பாரு, ஊளைச் சத்தம் கெளம்பிட்டு. வருஷாவருஷம் கொடையில சுடலைமாடனுக்கு ஆடுத கொண்டாடி, ஒரு வருஷம் எனக்கு வேற சாமி வந்திருக்குன்னா நம்ம ஊரு சும்மா விடுமா? அந்தக் கதைதான். கடைசி வரிசையில போலீஸ்காரன் எவனையோ வெளிய தள்ளினான், கத்தினது அதுக்குத்தான்னும் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிட்டுப் போயிருந்தா ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பான். அவன் தூங்கல. 'கார்டன் பார்ட்டி'ன்னு அந்த ராத்திரியவே பாட்டா எழுதிட்டான். 1972-ல அது பட்டியல்ல ஆறாவது எடம் வரைக்கும் ஏறிச்சு. ஊளை விட்டவனுவளும் காசு குடுத்துல்லா வாங்கியிருப்பானுவ! நீ எழுதின பாட்டுக்கு ரெண்டு பேரு கீழ திட்டி எழுதினானுவன்னு மூணு நாளாச் சோறு எறங்கலன்னியே, அந்தத் திட்டுக்கு ஒரு மெட்டுப் போடேன்லே.

பெரிய ஹிட்டு அதுக்கப்புறம் கெடைக்கல. ஆனாலும் ஊரு ஊராப் போய்ப் பாடிக்கிட்டேதான் இருந்தான். 1985 டிசம்பர் 31, டல்லாஸுல புதுவருஷக் கச்சேரிக்குப் போற வழியில, டெக்சாஸுல டி கால்பு பக்கம் பழைய விமானம் தீப்பிடிச்சு விழுந்துது. பைலட்டு ரெண்டு பேரும் பொழச்சுக்கிட, பயணம் பண்ணின ஏழு பேரும் போயிட்டாங்க. இவனுக்கு நாப்பத்தஞ்சு வயசு. அதைப் பத்தி வேற என்னத்தச் சொல்ல.

ரெட்டைப் பயலுவ ரெண்டு பேரைப் பெத்து வச்சிருந்தான். மேத்யூ, கன்னர். அவனுவளும் செட்டு வச்சானுவ. பேரு 'நெல்சன்', தேடிக் கஷ்டப்படல. 1990-ல அவனுவ பாட்டும் ஒண்ணாவது எடம். தாத்தாக்காரரு ஆஸியோட பேண்டு 1935-லயே ஒருக்க மொத எடத்துக்கு வந்திருக்கு. ஆக மூணு தலைமுறை. அதுலயும் அப்பனுக்குத் தோளோட நின்ன முடி, மக்கமாருக்கு முதுகுல பொரண்டுது, மஞ்சளா, சீவிவிட்ட மாதிரி. கூட்டம் ஒரு வார்த்தை முணுமுணுக்கல. பொம்பளப்பிள்ளைய அந்த முடியப் பாக்கதுக்கே போஸ்டர் வாங்கி ஒட்டுச்சுவளாம்.

நீ நம்பிராத. நம்ம வம்சத்துல முப்பதைத் தாண்டி எவன் தலையிலயும் முடி நின்னதில்ல. உனக்கு இப்பவே நெத்தி ஏறுது. போடுத ஆல்பத்த வெரசாப் போட்டுரு.