சோலியில்லாத அண்ணன்

கோபிசெட்டிபாளையத்தில் காரணமில்லாமல் யாரும் வெளியூர் போவதில்லை. சத்தி போனால் பூ மார்க்கெட், பண்ணாரி போனால் வேண்டுதல், கொடிவேரி போனால் வந்திருக்கும் ஒறம்பறைக்கு அணையையும் மீன் வறுவலையும் காட்டியாக வேண்டிய கடமை. எதிரில் வருகிறவர் "எங்கீங்க, என்ன சோலியா?" என்று கேட்பார். கையில் பதில் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் "சும்மாங்க" என்று பதில் சொல்லும் ஓர் இனம் சமீப வருடங்களில் முளைத்திருக்கிறது. தெருவுக்கு ஒருவர் தேறுவார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். ஜவுளிக்கடையோ ஃபைனான்ஸோ நன்றாக ஓடும். மகன் பெங்களூரில், மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணன் முதலில் வாங்கியது புல்லட். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்கு அது உறுமினால், எப்படியும் அந்நேரத்துக்கு எழுந்துவிடும் பால்காரர் தவிர தெருவே சபிக்கும். முட்டிக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், ஹெல்மெட் உச்சியில் கேமரா. இவ்வளவும் மாட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் கடம்பூர் மலைக்கு. கெம்பநாயக்கன்பாளையத்தில் ஏறி, கடம்பூரில் டீ குடித்து, மாக்கம்பாளையம் தடத்தில் குரும்பூர்ப் பள்ளத்தையும் சர்க்கரைப் பள்ளத்தையும் வண்டியோடு தாண்டிவிட வேண்டும் என்பது லட்சியம். இந்தப் பள்ளங்களில் வெள்ளம் வந்து மலைக்கிராமங்களுக்கு வழி அடைபடுவது அங்குள்ள ஜனங்களின் பழைய துன்பம். அண்ணனுக்கு அது 'வாட்டர் கிராஸிங்'. நண்பர் வீடியோ எடுக்க, அண்ணன் இறங்குவார். நடுப்பள்ளத்தில் சைலன்ஸருக்குள் தண்ணீர் புகுந்து வண்டி நிற்கும். பின்னால் ஹார்ன் கேட்கும். திரும்பினால் அரசு பஸ்.

"சித்த ஒதுங்குங்கண்ணா, டைம் ஆச்சு" என்பார் டிரைவர்.

வீடியோ வெளியாகும்போது பஸ் அதில் இருக்காது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போனால் திண்ணையில் ஒரு பாட்டி. "என்ன சோலியா வந்தீங்க சாமி?"

"சும்மாங்க ஆத்தா, மலையப் பாக்கலாம்னு."

"கீழ இருந்து பாத்தாலே தெரியுமே சாமி!"

இதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அண்ணன் புளி வாங்க ஆரம்பித்தார். "புளிக்கு வந்தேனுங்க" என்றால் போதும், உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறார்கள். வாராவாரம் மலை ஏறியதில் பேத்தி கல்யாணம் வரைக்கும் காணும் புளி வீட்டில் சேர்ந்துவிட்டது. அண்ணி அடுத்தபடியாக அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுக்கத் தொடங்கினார்.

திம்பம் மலைப்பாதையிலும் இதே கதைதான். 27 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவார். எண்ணிக்கை ஒருநாளும் 27 வந்ததில்லை. 2013-இல் புலிகள் காப்பகமான, 1,408 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காட்டின் நடுவே போகும் சாலை அது. வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. அண்ணன் இறங்குவார். வனக்காவலர் வந்து என்ன வேலை என்று கேட்பார். காட்டு இலாகாவிடம் "சும்மா" என்ற சொல்லைப் பயன்படுத்தினால் என்ன விலை என்பது ரசீதில் இருக்கும். ஆசனூரைத் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிகளை மறித்து வசூல் செய்கிற யானைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குக்கூட அங்கே ஒரு சோலி உண்டு.

புல்லட் இடுப்பைப் பதம் பார்த்த பிறகு குதிரை. குதிரைக்கு ஒரு சரித்திர நியாயமும் வைத்திருந்தார். திப்பு வீழ்ந்த மறு வருடம், 1800-இல், ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரை மைசூர், மலபார்ச் சீமைகளைச் சுற்றி எழுதும்படி கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. அவர் கொங்கு நாட்டுக்குள்ளும் வந்து, என்ன விளைகிறது, என்ன வரி, தறி எத்தனை என்று குறித்துக்கொண்டு போனார். 1807-இல் அது மூன்று பாகப் புத்தகமாக அச்சேறியது. மகன் வாங்கிக் கொடுத்த அந்தப் புத்தகத்தில் அண்ணன் முன்னுரையில் பாதி வரை வந்திருக்கிறார். புக்கானன் எதில் ஏறி வந்தால் என்ன, தான் குதிரையில்தான் போவது என்று முடிவாகிவிட்டது. புக்கானனுக்குச் சம்பளம் உண்டு என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு சேர்ந்து கூடும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் தமிழ்நாட்டில் பேர்போனவை. அங்கே காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற கத்தியவார் குதிரை ஒன்றின் மேல் அண்ணன் கண் விழுந்தது. தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார். அண்ணனுக்கு அந்த விரல் கணக்குத் தெரியாது. எல்லா விரலுக்கும் சரி சரி என்று தலையாட்டினார்.

குதிரையில் ஏறியதில் ஒரு வசதி. யாரும் சோலி கேட்கவில்லை. 'சின்னத்தம்பி' முதல் எத்தனையோ படங்களைத் தன் வயல்வெளியில் எடுக்கவிட்ட ஊர் இது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "ஷூட்டிங்குங்களா?" என்று கேட்டார்கள். அண்ணன் மறுக்கவில்லை. அடுத்த கேள்வி, "ஹீரோ எப்பங்க வருவாரு?"

அந்தக் குதிரை சந்தையில் நாட்டியம் ஆடப் பழக்கிய குதிரை என்பது அவருக்குத் தெரியாது. பாரியூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது எங்கோ ஒரு மாரியம்மன் கோயிலில் தப்பட்டை அடித்தார்கள். குதிரை காதை நிமிர்த்தியது. சாமி ஊர்வலத்தைத் தேடிப் போய் நடுவில் நின்று முன்னங்காலைத் தூக்கி ஆட ஆரம்பித்தது. அண்ணன் கடிவாளத்தை இழுக்க இழுக்க அது இன்னும் கொஞ்சம் ஆடச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டது. தப்பட்டைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யாரோ பத்து ரூபாய் நோட்டை ஊக்கில் கோத்து அண்ணன் சட்டையில் குத்தினார்கள். வீட்டுக்கு வந்தபோது சட்டையில் நூற்று எழுபது ரூபாய் இருந்தது.

"ஏனுங் மாமா, இத்தன வருசத்துல நீங்க சுத்துனதுல வருமானம் வந்தது இதுதானுங்" என்றார் அண்ணி.

இப்போது நடை. வண்டிச் சத்தம் கேட்காத இட்டேரிகளில், இரண்டு பக்கமும் கிளுவை வேலிக்கு நடுவே, தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் நடந்தால்தான் ஊரைப் பார்க்க முடியும் என்கிறார். இதில் எனக்கும் உடன்பாடுதான். கொடிவேரியில் பிரிந்து, அரக்கன்கோட்டை வாய்க்காலோடு சேர்ந்து சுமார் 24,500 ஏக்கரை நனைக்கிற வாய்க்கால் அது. நெல்லும் வாழையும் கரும்பும் மஞ்சளுமாய் நிற்கும் அந்தக் கரையில் நடக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் நடக்க விட்டால்தானே? வருகிற மொபெட் எல்லாம் நிற்கிறது. "ஏனுங்கண்ணா, வண்டி ரிப்பேருங்களா? ஏறுங்க." சும்மாதான் நடக்கிறேன் என்று சொன்னால் வருத்தத்தோடு பார்க்கிறார்கள். மறுத்து மறுத்து அலுத்து, ஆறாவது வண்டியில் ஏறிவிடுவார். பெரிய வம்பு அதற்கப்புறம். புல்லட் காணோம், குதிரையும் போயிற்று, காரைக்கூட எடுப்பதில்லை, மனுசன் காலால் நடக்கிறார்! ஊர் கணக்குப் போட்டுவிட்டது. திங்கட்கிழமை காலை ஃபைனான்ஸ் வாசலில் டெபாசிட் போட்டவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மொபெட்டில் ஏற்றிவந்தவரும் அதில் ஒருவர்.

ஆகையால் கோபிப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்க்கால் மேட்டில் வேர்வை வழிய நடந்து வரும் ஒருவரைக் கண்டால் வண்டியை நிறுத்தாதீர்கள், எங்கே என்ன சோலி என்றும் கேட்காதீர்கள். கம்பெனி நன்றாகத்தான் ஓடுகிறது.